மழைக்கு ஒதுங்கிய படம்

டாக்ஸிக்காரர் இறங்கி வந்து பின்கதவைத் திறந்தார். பழைய வேட்டியில் சுற்றிக் கட்டியிருந்த படத்தை ஒரு தடவை பார்த்தார், பின் சீட்டை ஒரு தடவை பார்த்தார். "ஹோபே நா, மாஷிமா", முடியாதம்மா என்று விஜயலக்ஷ்மியிடம் கையை விரித்துவிட்டுப் போய்விட்டார். செல்போனில் கூப்பிட்ட வண்டிகளும் இதையேதான் சொல்லியிருந்தன. பவானிபூர் நடைபாதையில் படத்தின் ஒரு முனையை ரோஹிணியும் மறு முனையை அவளுடைய மன்னி விஜயலக்ஷ்மியும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கட்டில் பலகை அளவுக்கு இருந்தது படம்.

"லேக் மார்க்கெட் என்ன காசியிலயா இருக்கு? நடந்துடலாம்" என்றாள் மன்னி.

ரோஹிணிக்கு நாற்பத்து நான்கு வயது. சால்ட் லேக்கில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. லேக் மார்க்கெட்டில் அண்ணா ராகவேந்திரனின் குடும்பத்தோடு இருந்தாள். விடிவதற்கு முன்பே எழுந்து பின்பக்கத்து வராந்தாவில் வரைவாள். குளித்து, சாப்பிட்டு, மெட்ரோ பிடித்து ஆபீஸ் போகிறபோது விரலிடுக்கில் எங்காவது எண்ணெய் வர்ணம் ஒட்டியிருக்கும். ஆண்டுதோறும் நடக்கிற ஒரு கண்காட்சிக்குப் படத்தைப் போட்டோ எடுத்து அனுப்புவாள். ஆண்டுதோறும் தேர்வாகவில்லை என்று பதில் வரும். இந்த வருஷம் முதல் சுற்றில் தேர்வாகிவிட்டது. போட்டோ அனுப்பினது போதாது, படத்தையே கொண்டுவந்து தாருங்கள் என்று கேட்டிருந்தார்கள். அண்ணாவின் நண்பர் ஒருவரின் வேனில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்தாள். திறப்பு விழாவுக்கு என்று கடுகுப் பச்சையில் ஒரு புடவைகூட வாங்கிவிட்டாள். மன்னிதான் உட்கார்ந்து அதற்கு ஃபால்ஸ் தைத்தாள்.

தேர்வாகவில்லை என்ற செய்தி மெட்ரோவில் நின்றுகொண்டிருந்தபோது வந்தது. இரண்டே வரி. அதைத் திரும்பத் திரும்பப் படித்ததில் இறங்க வேண்டிய ஸ்டேஷன் போய்விட்டது.

"அவாளுக்கெல்லாம் என்ன தெரியும்? எல்லாம் சிபாரிசு" என்றார் அண்ணா. அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அதுதான் ரோஹிணிக்குத் தாங்கவில்லை. தேர்வானவர்களின் படங்களை அவள் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டாள். நன்றாக இருந்தன. ஒன்றிரண்டு, பொறாமைப்படக்கூட முடியாத அளவுக்கு நன்றாக இருந்தன. அநியாயம் நடந்துவிட்டது என்று நம்ப முடிந்திருந்தால் நாலு நாள் கோபப்பட்டுவிட்டு எழுந்திருக்கலாம். அதற்கும் வழியில்லை.

படத்தை வந்து எடுத்துக்கொண்டு போகும்படி அங்கிருந்து போன் வந்தபோது, "அங்கேயே தூக்கிப் போட்டுடட்டும். நான் இனிமே வரையப் போறதில்லே மன்னி" என்றாள் ரோஹிணி. "சரி" என்றாள் மன்னி. சொல்லிவிட்டு அலமாரியிலிருந்து அண்ணாவின் பழைய வேட்டி ஒன்றை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். "கெளம்பு. நம்ம சாமான் அங்க எதுக்குக் கெடக்கணும்?"

கண்காட்சிக்கூடத்தின் பின்பக்க நடையில் தேர்வாகாத படங்களைச் சுவர்ப் பக்கம் திருப்பிச் சாத்தி வைத்திருந்தார்கள். உள்ளே தேர்வான படங்களுக்கு ஆணி அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தன் படத்தைத் தேடி எடுக்கிறபோது ரோஹிணி நிமிரவே இல்லை.

இப்போது முன்னால் மன்னி, பின்னால் ரோஹிணி. மன்னி குட்டை. அதனால் படம் முன்பக்கம் சரிந்தே போயிற்று. மே மாதப் புழுக்கம். கொஞ்ச தூரம் போனதும் மன்னி திரும்பாமலே பேசினாள்.

"ஏண்டி, நெஜமாவே விட்டுடப் போறயா?"

"ஆமா."

"அப்போ காத்தால எழுந்து என்ன பண்ணுவே?"

"தூங்குவேன்."

"நீயாவது தூங்கறதாவது! அடுக்குள்ள வந்து நிப்பே. ரசத்துல உப்பு கம்மி, கறிவேப்பிலையைக் கிள்ளிப் போடுன்னு ஆரம்பிப்பே. போன வருஷம் கை சுளுக்கிண்டு வரையாம இருந்தியே, அந்தப் பத்து நாள் எனக்குன்னா தெரியும்! நீ வரையலேன்னா உன்னோட குடித்தனம் பண்ண முடியாதுடி, அம்மா."

ரோஹிணிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுதுவிடுவோம் என்று பயந்து வாயை இறுக்கிக்கொண்டாள்.

சட்டென்று வெளிச்சம் போயிற்று. தெருவில் கிடந்த காகிதமும் சருகும் எழும்பிச் சுழன்றன. வங்காளத்துக் கோடை மழை கேட்டுக்கொண்டு வருவதில்லை. அவர்கள் ஓடி ஒரு பழைய வீட்டின் மாடி வராந்தாவுக்கு அடியில் நுழைந்தபோது சாலை முழுக்க வெள்ளையாகக் கொட்ட ஆரம்பித்திருந்தது. அந்த ஊர்ப் பழைய வீடுகளில் மாடி வராந்தா நடைபாதைக்கு மேல் கூரைபோல நீண்டிருக்கும். கீழே யார் வேண்டுமானாலும் ஒதுங்கலாம். எல்லோரும் ஒதுங்கினார்கள். கல்லூரிப் பெண்கள், பழக்காரர், மீன் பையோடு ஒருவர், கேஸ் கட்டை நெஞ்சில் அணைத்துக்கொண்டு ஒரு வக்கீல். கூட்டம் நெருக்க நெருக்கப் படத்தின் மேல் வந்து இடித்தது.

"அக்கா, இதைக் கொஞ்சம் வெளியே வையுங்களேன். நாலு பேர் நிற்கிற இடத்தை அடைக்கிறதே" என்றார் வக்கீல் வங்காளியில். நியாயமான குரலில்தான் சொன்னார். சாரலில் ஒரு கிழவி நனைந்துகொண்டு நிற்பதை ரோஹிணியும் பார்த்தாள்.

அவளுக்குள் ஏதோ விட்டுப்போயிற்று. "மன்னி, விடு. வெளில வெச்சுடலாம். வேண்டாம்னு திருப்பி அனுப்பின படம்தானே" என்றாள். சொல்லிக்கொண்டே தன் முனையைத் தூக்கி மழைப் பக்கம் இழுத்தாள்.

மன்னி விடவில்லை. அவள் முகம் சிவந்துவிட்டது. கலியாணமாகி இந்த ஊருக்கு வந்து முப்பது வருஷம் ஆகியும் காய்கறிக்காரர்களிடமும் மீன்காரர் வழியை மறித்தால் அவரிடமும் தவிர அவள் வங்காளி பேசியதில்லை. வாக்கியம் தப்பாகிவிடும் என்று கூச்சம். இப்போது படத்தைச் சுவரில் சாய்த்தாள். கயிற்றை அவிழ்த்து வேட்டியை ஒரே இழுப்பில் உருவினாள்; அது நடைபாதைத் தண்ணீரில் போய் விழுந்தது.

"ஆகே தேகுன்! தேகே போலுன்!" என்றாள் உரக்க. முதலில் பாருங்கள், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியாமல் ஒரு கணம் தவித்தாள். அவளிடம் இருந்தது சந்தை வங்காளி மட்டும்தான். "கூப் பாலோ ஜினிஷ்! ஏக்தம் டாட்கா!" என்றாள். ரொம்ப நல்ல சரக்கு, இப்போதுதான் பறித்தது.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. மீன் பைக்காரர்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். ரோஹிணிக்கு அவமானத்தில் காது சுட்டது. மன்னியும் சிரித்துவிட்டாள். ஆனாலும் படத்தை விட்டு நகரவில்லை. மழையோ விடுவதாக இல்லை. வேறு பார்க்க ஒன்றும் இல்லாததால் எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள்.

ஒரு மொட்டை மாடி. குளிர்கால வெயில். கைப்பிடிச் சுவர் நெடுக, சிவப்புத் துணி தைத்த கனத்த பஞ்சுப் போர்வைகள் காயப் போட்டிருந்தன. அவ்வளவுதான் படம்.

"லேப்!" என்றாள் நனைந்த கிழவி, அந்தப் போர்வைகளுக்கு அந்த ஊரில் சொல்கிற பெயரை. முன்னால் வந்து குனிந்து பார்த்தாள். அவளுக்கு இடம் விடத் தன்னை அறியாமல் வக்கீலே ஒதுங்கிக்கொண்டார்.

"ஆளே இல்லையே. காயப் போட்டவர் எங்கே?" என்று கேட்டார் மீன் பைக்காரர். கேலியா என்று ரோஹிணி அவர் முகத்தைப் பார்த்தாள். கேலியில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். இத்தனை வருஷத்தில் அவள் படத்தைப் பற்றி யாரும் அவளிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. தேர்வாகவில்லை என்று சொன்னவர்களும் கேட்டதில்லை.

"சாப்பிடக் கீழே போயிருக்கிறாள்" என்றாள், வங்காளியில்.

"அதானே பார்த்தேன்" என்று அவர் தலையாட்டினார். பிறகு வலது ஓரத்தைக் காட்டினார். "இந்தப் போர்வை மட்டும் பாதிதான் காய்ந்த மாதிரி இருக்கிறது."

ரோஹிணி குனிந்தாள். மழை வெளிச்சத்தில் அந்த மூலையின் சிவப்பு கொஞ்சம் செத்துத்தான் தெரிந்தது. அங்கே ஆரஞ்சு தேவை. இல்லை, ஆரஞ்சு இல்லை, பக்கத்தில் இருக்கிற நிழலைத்தான் இன்னும் குளிரவைக்க வேண்டும். அவள் கட்டைவிரல் தானாக அந்த இடத்தில் போய் நின்றது.

மன்னி அதைப் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கீழே கிடந்த வேட்டியை எடுத்துப் பிழியத் தொடங்கினாள்.

மழை தூறலாகக் குறைந்ததும் கூட்டம் கலைந்தது. யாரும் பாராட்டிவிட்டுப் போகவில்லை. கிழவி மட்டும் மன்னியின் கையை ஒரு முறை தொட்டுவிட்டுப் போனாள். பிழிந்தும் வேட்டி சொட்டிக்கொண்டே இருந்ததால் படத்தைச் சுற்ற முடியவில்லை. அப்படியே திறந்தபடி, வர்ணம் சாலைப் பக்கம் தெரியத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

ஹாஸ்ரா முனையில் தண்ணீர் தேங்கி வண்டிகள் நகராமல் நின்றன. ஒரு ஏசி பஸ் அவர்களை ஒட்டினாற்போல் நின்றுகொண்டிருந்தது. கண்ணாடிகள் முழுக்க ஆவி படர்ந்து, உள்ளே இருப்பவர்கள் வெறும் நிழல்களாகத் தெரிந்தார்கள். ஜன்னல் ஓரத்தில் ஒரு உள்ளங்கை வந்து ஆவியை வட்டமாகத் துடைத்தது. அந்த வட்டத்துக்குள் ஒரு முகம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் தூக்கிப் பிடி மன்னி" என்றாள் ரோஹிணி. "உன் பக்கம் சரியறது."