சந்தனம் வைத்த மேளம்

என் மருமகளைப் பற்றி நான் அளவுக்கு மீறிப் பீற்றிக்கொள்கிறேன் என்று எங்கள் லயத்தில், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளில், ஒரு பேச்சு ஓடுகிறது. ஓடட்டும். லோரியில் கொழுந்து ஏற்றிக்கொண்டு ஃபேக்டரிக்கு இறங்கும்போது அங்கே எடை போடுகிறவனிடம் சொல்லுவேன். திரும்ப மலைக்கு ஏறும்போது கத்தரி பிடித்துத் தேயிலை வெட்டுகிற ஆட்களிடம் சொல்லுவேன். கேட்க ஆளில்லாவிட்டால் லோரியிடமே சொல்லுவேன். பெருமைப்பட ஒரு விஷயம் வீடு தேடி வந்திருக்கும்போது வாயை மூடிக்கொண்டு இருப்பவன் மடையன். இந்தச் சுப்பிரமணியம் கோபக்காரன்தான், ஆனால் மடையன் இல்லை.

மருமகள் பெயர் வனஸ்ஸா. கம்போங் ராஜாவில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். என் மகன் மகேன் காய்கறி லோரி ஓட்டுகிறவன். அந்தப் பக்கம் போய்வந்த பழக்கத்தில் பார்த்து, பேசி, ஒரு நாள் வீட்டில் வந்து சொன்னான். என் மனைவி தங்கம்மா ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு சம்மதித்தாள். சம்மதித்தாளே தவிர மனசு இறங்கவில்லை. அது வேறு, இது வேறு.

வனஸ்ஸா ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போவதைக்கூட தங்கம்மா பொறுத்துக்கொண்டாள். அவளால் பொறுக்க முடியாதது இடது கை. மருமகள் இடதுகைக்காரி. சோறு மட்டும் வலது கையால் சாப்பிடுவாள். விளக்குமாறு, கரண்டி, பேனா எல்லாம் இடது கையில்தான். தேத்தண்ணீரை ஆற்றி இடது கையால் நீட்டிவிடுவாள்.

“அந்தக் கையால நீட்டாத.”

“சாரி அத்தே.” உடனே கை மாற்றிக் கொடுப்பாள்.

காலையில் தேத்தண்ணீருக்கு ஒரு முறை, மத்தியானம் உப்புக்கு ஒரு முறை, ராத்திரி ஊறுகாய்க்கு ஒரு முறை. கோபம் என்றால் எனக்குத்தான் பேர், ஆனால் இதில் நான் வாயே திறக்கவில்லை. மாமியார் மருமகள் நடுவில் தலையிடுகிறவன் தலை எங்கே போகும் என்று எனக்குத் தெரியும்.

கல்யாணத்துக்கு வந்தவர்கள் பெண் வீட்டிலிருந்து என்ன வந்தது என்று கேட்டார்கள். தங்கம்மாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பெட்டி படுக்கையோடு வந்தது ஒரு மேளம்.

அதுவும் நிஜ மேளம் இல்லை, வீடியோ கேம் மேளம். பிளாஸ்டிக்கில் செய்தது, சோற்றுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிசு, இரண்டு மரக் குச்சிகள். வயரை டிவியோடு மாட்டிவிட்டால் பாட்டு ஓடும். திரையில் வலது பக்கமிருந்து வட்டங்கள் வரிசையாக உருண்டு வரும். சிவப்பு வட்டம் வந்தால் மேளத்தின் நடுவில் அடிக்க வேண்டும், தும். நீலம் வந்தால் விளிம்பில், டக். தாளம் ஒரு இம்மி பிசகினால் அந்த வட்டம் போச்சு. மெதுவாக ஆரம்பிக்கும். போகப் போக வட்டங்கள் முண்டியடித்துக்கொண்டு வரும்.

வனஸ்ஸா தோட்டத்து டீக்கடையில் சுற்றுப்பயணிகளுக்கு ஓடியாடிப் பரிமாறிவிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வருவாள். குளித்துவிட்டு, அடுப்பு வேலை முடித்துவிட்டு, மேளத்தின் முன்னால் உட்காருவாள். அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். “சாரி அத்தே” சொல்லுகிற பெண்ணே அல்ல அது. விளையாட்டு என்றாலே எனக்கு எரிச்சல். ஆனால் அவள் அடிக்கும்போது நானும் பின்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தொடையில் தட்டிக்கொண்டிருப்பேன்.

கல்யாணமான அந்த வருஷமே ஆயுத பூசை வந்தது. எங்கள் வீட்டில் அது பெரிய நாள். லோரியைக் கழுவி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தேயிலைக் கத்தரி, மகேனின் மோட்டார் சைக்கிள், தையல் மிஷின், அம்மிக்கல் வரை எல்லாவற்றுக்கும் தங்கம்மா சந்தனம் குங்குமம் வைப்பாள். கிண்ணத்தோடு வீட்டைச் சுற்றி வந்தவள் டிவி முன்னால் நின்றாள். மேளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“பிளாஸ்டிக்கோ என்னமோ, மேளம்னா மேளந்தானே” என்று முனகிக்கொண்டே வலது ஓரத்தில் ஒரு பெரிய பொட்டு வைத்தாள். எதையுமே தாராளமாகச் செய்கிற கை அவளுக்கு. சந்தனம் வழிந்தது. முந்தானையால் ஒற்றிவிட்டு, மேலே குங்குமத்தை வைத்துவிட்டுப் போனாள். வனஸ்ஸா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு ஒன்று கவனித்தேன். சிவப்பு வட்டத்துக்கு அவளுடைய இரண்டு கையும் போகும். நீலத்துக்கு இடது கை மட்டும்தான் போகும். வலது ஓரத்தை அவள் தொடுவதே இல்லை. அந்தச் சந்தனப் பொட்டும் அழியாமல் அங்கேயே காய்ந்து கிடந்தது. முதலில் நிறையத் தவறினாள். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப அடித்தாள். இடதுகைக்காரிகள் இப்படித்தான் போல என்று நானும் விட்டுவிட்டேன்.

அடுத்த வருஷம் பிரிஞ்சாங் டவுனில் ஒரு தவுக்கே, சீன முதலாளி, வீடியோ கேம் கடை திறந்தார். அங்கே இதே விளையாட்டின் பெரிய மெஷின் இருந்தது. ஆள் உயரத் திரை, நிஜ மேளம் அளவுக்கு இரண்டு மேளங்கள் பக்கத்தில் பக்கத்தில். ஆயுத பூசைக்கு இரண்டு வாரம் முன்பு போட்டி வைத்தார். மகேன் பெண்டாட்டியைக் கேட்காமலே பேர் கொடுத்துவிட்டு வந்தான்.

வீட்டில் வெடித்தது.

“ஆம்பளப் பசங்க கும்பல்ல நின்னு குச்சி ஆட்டணுமா? லயத்துல நாலு பேரு என்ன பேசுவாங்க?” என்றாள் தங்கம்மா.

“மா, இது கேம் லா. யாரும் ஒண்ணும் பேச மாட்டாங்க” என்றான் மகேன்.

“நீ சும்மா இரு.” தங்கம்மா மருமகளைப் பார்த்தாள். “போ. நான் தடுக்கல. ஆனா தோத்துட்டு வந்தேன்னா, அன்னைக்கே அந்த மேளத்தத் தூக்கி ஸ்டோர்ல போட்டுடணும். தெனமும் தும்மு தும்முன்னு கேட்டு என் தலையே வெடிக்குது. சரியா?”

வனஸ்ஸா மேளத்தைப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். “சரி அத்தே” என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் வெளியே போய் லோரி டயரை ஒரு உதை உதைத்தேன். கால்தான் வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயில் பூசை முடிந்து அங்கிருந்து நேராகக் கடைக்கு வந்துவிட்டாள் வனஸ்ஸா. நாங்கள் லயத்து ஆட்களோடு வேனில் போனோம். தங்கம்மாவும் வந்தாள். “தோக்குறதப் பாக்க வேணாமா” என்று காரணம் சொன்னாள்.

காலையிலிருந்தே ஒரு கூத்து. வலது பக்க மேளத்தில் நின்றவர்கள் ஒருவர் விடாமல் தோற்றார்கள். நன்றாக அடிக்கிற பையன்கள்கூட அங்கே போனால் நீல வட்டங்களை வரிசையாகக் கோட்டை விட்டார்கள். எங்கள் ஆட்களுக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. அது ராசி கெட்ட பக்கம். ஒருத்தி எலுமிச்சம்பழம் சுற்றிப் போட வேண்டும் என்றாள். வனஸ்ஸாவுக்கு ஒவ்வொரு முறையும் சீட்டு இடது பக்கமாகவே விழுந்தது. ஒவ்வொரு முறையும் ஜெயித்தாள்.

கடைசி ஆட்டத்தில் எதிரே ஈப்போவிலிருந்து வந்த யுவனேஸ்வரன். யூனிவர்சிட்டிப் பையன், சொந்தக் குச்சிகளை உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். அவனுடைய சிநேகிதர்கள் எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவன் சத்தமாகச் சொன்னான்: “ஃபைனல்ல தோட்டத்து அக்காவா? ஈசி லா, யுவன்!”

வீட்டுக்குள் ஆயிரம் திட்டலாம். வெளியாள் ஒரு சொல் சொன்னால் தங்கம்மா விடுவாளா? “தம்பி, மொதல்ல ஆடச் சொல்லுப்பா. அப்புறம் வாயத் தொற” என்றாள். அந்த வரிசையே அடங்கிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்கு அவளைக் கல்யாணம் செய்துகொண்ட நாளைவிட அதிகச் சந்தோஷம்.

சீட்டுப் போட்டார்கள். வனஸ்ஸாவுக்கு வலது பக்கம்.

“ஐயையோ, அந்தப் பக்கம் வேணாம்னு சொல்லச் சொல்லுங்க!” தங்கம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். தோற்றால் மேளத்தை ஸ்டோரில் போடச் சொன்னவள் இவள்தான்.

கடைசி ஆட்டம் என்பதால் பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்னால் மேளத்தைத் தட்டிப் பார்க்க விட்டார்கள். வனஸ்ஸா நடுவில் தட்டினாள், சத்தம் வந்தது. இடது ஓரம், வந்தது. வலது ஓரம் தட்டினாள். இன்னொரு முறை தட்டினாள். அப்படியே நின்றாள். கையைத் தூக்கி ஏதாவது சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் திரும்பி மகேனைப் பார்த்தாள். சிரித்தாள். குச்சியைச் சரியாகப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

அப்புறம் நடந்ததை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்கு ஆசை தீரவில்லை. யுவனேஸ்வரனைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பையன் இரண்டு கையும் பறக்க அழகாக அடித்தான். ஆனால் என் மருமகளின் வலது கை நடுவைவிட்டு நகரவே இல்லை. இடது கை மட்டும் நடுவுக்கும் ஓரத்துக்குமாகப் போய்ப் போய் வந்தது. பாட்டு பாதி தாண்டியதும் நீல வட்டங்கள் இடைவெளியே இல்லாமல் கொட்டின. மற்றவர்கள் இரண்டு கையால் அடிக்கிற அடியை ஒரே கையால் அடித்தாள். டக் டக் டக் டக். கழுத்து நரம்பு புடைத்தது. ஈப்போப் பையன் இரண்டு இடத்தில் தவறினான். இவள் ஒன்றுகூடத் தவறவில்லை.

திரையில் அவள் பக்கம் பூ கொட்டியபோது நான் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினேன். யாராவது சிரித்தார்களா தெரியாது. சிரித்திருந்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

யுவனேஸ்வரன் கைகொடுக்க வந்தான். வந்தவன் அவளுடைய மேளத்தின் வலது ஓரத்தைத் தன் குச்சியால் தட்டிப் பார்த்தான். திரையில் ஒன்றும் நடக்கவில்லை. ஓங்கித் தட்டினான். அப்போதும் இல்லை.

“பாஸ்! இந்தப் பக்கம் ரோசாக் லா! கெட்டுப்போச்சு!” என்று தவுக்கேயைப் பார்த்துக் கத்தினான். பிறகு வனஸ்ஸாவிடம், “அக்கா, இத வச்சுக்கிட்டு எப்படி அடிச்சீங்க? ஏன் சொல்லல?” என்று கேட்டான். நல்ல பையன்.

“எங்க வீட்டு மேளமும் இப்படித்தான் தம்பி. எனக்குப் பழக்கம்” என்றாள் அவள்.

தங்கம்மாவுக்குக் காது கூர்மை. “நம்ம வீட்டு மேளமா? அது எப்பக் கெட்டுச்சு?”

வனஸ்ஸா குனிந்து குச்சிகளை அதன் இடத்தில் வைத்தாள். சந்தோஷத்தில் இருந்த மகேன் உளறிவிட்டான். “நீங்க சந்தனம் வச்ச அன்னைக்கித்தான் மா. உள்ள எறங்கிருச்சு. கழட்டித் தொடைக்கிறேன்னு சொன்னேன், விட மாட்டேன்னுட்டா.”

தங்கம்மா மருமகளுக்கு நேராக வந்து நின்றாள். “ஏன்டி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?”

“லோரிக்கு வச்சீங்க, கத்தரிக்கு வச்சீங்க, வீட்டுல இருக்கிற எல்லாச் சாமானுக்கும் வச்சீங்க” என்றாள் வனஸ்ஸா. “கடைசில என் சாமானுக்கும் வச்சீங்க. நான் வந்த வருஷம் அது. அதைப் போய் எப்படி அத்தே தொடைக்கிறது?”

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கென்ன வெட்கம், வந்தது என்றால் வந்தது.

தங்கம்மா வேனில் ஏறினாள். வழிநெடுக ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கியா பார்ம் கடைகளைத் தாண்டும்போது மட்டும், “நிறுத்துங்க, அவளுக்கு ஸ்ட்ராபெரி வாங்கணும்” என்றாள்.

போட்டியில் பரிசாகப் புது மேளம் கொடுத்திருந்தார்கள். வனஸ்ஸா பெட்டியைப் பிரிக்கக்கூட இல்லை. பழையதைத்தான் இன்னும் அடிக்கிறாள். தங்கம்மா தலை வெடிக்கிறது என்று இப்போது சொல்வதில்லை. சாயங்காலம் சத்தம் கேட்காவிட்டால், “என்னடி, இன்னைக்கி ஒடம்பு சரியில்லையா?” என்று கேட்கிறாள்.

போட்டி முடிந்த இரண்டாவது வாரம் ஆயுத பூசை வந்தது. லோரி, கத்தரி, மோட்டார், தையல் மிஷின் எல்லாம் முடிந்து, தங்கம்மா சந்தனக் கிண்ணத்தோடு டிவி முன்னால் வந்து நின்றாள். மேளத்தைப் பார்த்தாள். பயத்தில் கிண்ணத்தை இரண்டு அடி தள்ளியே பிடித்துக்கொண்டாள்.

“வைங்க அத்தே, பரவால்ல. அதே எடத்துல வைங்க” என்றாள் வனஸ்ஸா.

“வேணாம்டி தாயே. ஒரு தடவ வச்சதே போதும்.” தங்கம்மா விரலைச் சந்தனத்தில் தோய்த்தாள். “கையக் காட்டு.”

வனஸ்ஸா தயங்கினாள். பிறகு மரியாதையாக வலது கையை நீட்டினாள்.

தங்கம்மா தலையை ஆட்டினாள்.

“அது இல்லடி” என்றாள். “அந்தக் கை.”