அமைச்சர் வீட்டு மூட்டை

சிலுவைக் குன்றின் விலை நாலு கோடியே இருபது லட்சம். அடிவாரத்தில் இருக்கும் நாற்பத்தேழு கல்லறைகளுக்குத் தனி விலை போடவில்லை. மொத்தமாகப் பேசியதில் அவையும் சேர்த்தி. கனகம்மாசத்திரத்துக்கு மேற்கே, அந்தக் குன்றின் காலடியில்தான் நூறு வருஷத்துக்கு மேலாக அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் தங்கள் மனிதர்களைப் புதைத்து வந்தார்கள்.

விலை பேசியவன் பங்காரு. ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் மூன்று கல் கிரஷர் வைத்திருந்தான். இந்தப் பக்கமும் ஒன்று வேண்டும் என்றான். குத்தகைக் கோப்பில் கையெழுத்துப் போட வேண்டியவர் அமைச்சர். மாவட்டத்தில் கட்சிச் செயலாளர் கஜபதி. இருவரும் ஒரே கட்சி; மேடையில் உட்கார்ந்தால் நடுவில் இரண்டு நாற்காலி காலியாக இருக்கும். அமைச்சர் வழியாகப் போனால் கஜபதியின் ஆட்கள் லாரியைக் கொளுத்துவார்கள். கஜபதி வழியாகப் போனால் கோப்பு சென்னையில் தூங்கும். பங்காரு இரண்டு பக்கமும் கொடுத்தான். இரண்டு பேரும் வாங்கிக்கொண்டு, அவனுக்கு ஏன் கொடுத்தாய் என்று கேட்டார்கள். ஆடி பிறப்பதற்குள் ஒரு லாரி எரிந்தது. அமைச்சரின் மைத்துனருக்குத் தாடை உடைந்தது. கஜபதியின் டிரைவர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒற்றைக் கண்ணோடு திரும்பினான்.

இதில் என் பங்கு சால்வை. திருத்தணி கடைத்தெருவில் எனக்கு ஜவுளிக்கடை. பொன்னாடை புதுசு நூற்று நாற்பது. போர்த்திக்கொண்டவர்கள் வீட்டிலிருந்து அவை மூட்டையாகத் திரும்பி வரும். ஒன்று அறுபதுக்கு எடுத்து, இஸ்திரி போட்டு, நூற்றுப் பத்துக்குக் கொடுப்பேன். ஒரே சால்வை அமைச்சரையும் கஜபதியையும் மாற்றி மாற்றிக் கௌரவித்திருக்கிறது. துணிக்குக் கோஷ்டி கிடையாது.

அமைச்சரிடம் வரிசையில் நிற்பவர்கள் சால்வையின் ஓரத்தில் பேரும் பதவியும் எழுதிய சீட்டைக் குண்டூசியால் குத்திவைப்பார்கள். உதவியாளர் அதைப் பார்த்து அமைச்சரின் காதில் பேர் சொல்லிவிட்டுப் பிடுங்கிப் போடுவார்; அவசரத்தில் ஒன்றிரண்டு தங்கிவிடும். மூட்டை என் கடைக்கு வந்ததும் அந்த மிச்ச ஊசியையும் சீட்டையும் தேடி எடுப்பது என் மனைவி சந்திராவின் வேலை. பத்து வருஷத்தில் ஒரு சீட்டுகூட அவள் கையைத் தப்பியதில்லை.

ஜெரால்ட் கஜபதியின் ஆள். ஒன்றியத் துணைச் செயலாளர். என் சிநேகிதன். அவனுடைய அம்மாவைப் போன வருஷம்தான் அந்தக் குன்றடியில் வைத்தார்கள். குத்தகை விஷயம் தெரிந்ததும் கஜபதியிடம் போய்க் கெஞ்சியிருக்கிறான். செத்தவங்களுக்கு ஓட்டு கிடையாதுடா என்று அவர் சிரித்தாராம். அந்த ஞாயிற்றுக்கிழமை அமைச்சர் பயணியர் விடுதிக்கு வந்தபோது, சர்ச் முடிந்த கையோடு ஜெரால்ட் என் கடைக்கு வந்தான். ஒரு சால்வை கேட்டான். மேலே 'மனு' என்று எழுதிய காகிதம் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்தது.

"கஜபதி அண்ணனுக்குத் தெரிஞ்சா என்ன உயிரோட விடமாட்டாரு. யார்கிட்டயும் சொல்லாத மணவாளா."

"துணி விக்கிறவனுக்கு வாய் எதுக்குடா" என்றேன். காசு அப்புறம் தருகிறேன் என்று போனான்.

செவ்வாய்க்கிழமை அமைச்சர் வீட்டு மூட்டை வந்தது. மறுநாள் ஆடிக் கிருத்திகை. சந்திரா புஷ்பக் காவடி எடுத்து விடியற்காலையிலேயே மலையேறிவிட்டாள். கஜபதி தன் பிறந்தநாளைக் கிருத்திகை அன்றுதான் வைத்துக்கொள்வார். பள்ளிச் சான்றிதழில் ஜனவரி. பத்து மணிக்குப் பங்காருவின் ஆள் வந்து ஐம்பது சால்வை உடனே வேண்டும் என்று நின்றான். மஞ்சள் துணி வாங்க வந்த கூட்டம் கடையை அடைத்துக்கொண்டிருந்தது. மூட்டையைப் பிரிக்காமல் அப்படியே தூக்கிக் கொடுத்தேன். ஐம்பதுக்கும் புது விலை போட்டேன்.

மேடையில் முதல் சால்வையைப் பங்காருவே போர்த்தினான். கஜபதி கழுத்தைத் தடவிப் பார்த்தபோது விரலில் ரத்தம். ஊசியைப் பிடுங்கி, சீட்டைப் படித்தார். அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மிச்சம் நாற்பத்தொன்பது சால்வையையும் சிரித்த முகமாக வாங்கிக்கொண்டார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

மத்தியானம் மூன்று மணிக்கு என் கடையில் வந்து உட்கார்ந்தார். கூட சுதாகர் என்ற அடியாளும் இன்னும் இரண்டு பேரும். வாடிக்கையாளர்களை வெளியே அனுப்பிவிட்டு ஷட்டரை இடுப்பளவுக்கு இறக்கினார்கள். என்னைத் தரையில் படுக்க வைத்து, வலது கையை ஷட்டர் விழும் இடத்தில் வைத்து, மணிக்கட்டில் ஒருவன் ஏறி நின்றான்.

"இது எந்த மூட்டையில வந்துச்சு நைனா?" ஜெரால்டின் பேர் எழுதிய சீட்டை நீட்டிக் கேட்ட கஜபதியின் குரல் பெண் பார்க்க வந்தவர் போல இருந்தது.

நான் பேரத்தில் பிறந்து வளர்ந்தவன். முதல் விலையை யாரும் உண்மையாகச் சொல்வதில்லை. சென்னை மொத்த வியாபாரி அனுப்பிய சரக்கு என்றேன். சுதாகர் ஷட்டரை விட்டான். சுண்டுவிரல் நசுங்கிய சத்தம் எனக்கே கேட்டது. வெளியே பம்பையும் உடுக்கையும் அரோகராவும். என் கத்தலும் அதில் ஒன்றாகப் போயிற்று.

ஷட்டரைத் தூக்கினார்கள். இரண்டாவது விலை சொன்னேன். இது உங்க வீட்டு மூட்டைங்க, போன வருஷப் பிறந்தநாளுக்கு ஜெரால்ட் உங்களுக்குப் போட்டது, ஊசி எடுக்க மறந்துட்டோம் என்றேன். கஜபதியின் முகத்தில் ஒரு தயக்கம் வந்ததை நான் பார்த்தேன். இன்னும் அரை நிமிஷம் போயிருந்தால் வியாபாரம் முடிந்திருக்கும்.

சுதாகர் சீட்டைத் திருப்பிக் காட்டினான். ஜெரால்ட் சர்ச் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து அதன் முதுகில் எழுதியிருந்தான். மறுபக்கத்தில் கொட்டை எழுத்தில் போன ஞாயிற்றுக்கிழமை.

இரண்டாவது முறை ஷட்டர் விழுந்தபோது மோதிர விரல் போயிற்று.

"உங்களுக்குத்தான் தெரிஞ்சுபோச்சே. என்ன எதுக்குங்க கேக்கறீங்க" என்று அழுதேன்.

"தெரியும் நைனா. ஆனா உன் வாயால வரணும். என் ஆள உன் பக்கம் இழுக்கறியான்னு நாளைக்கி நான் அமைச்சர கேக்கும்போது எனக்கு ஒரு சாட்சி வேணும்ல." குனிந்து என் கன்னத்தைத் தட்டினார். "இன்னும் மூணு விரல் கீது. எண்ணத் தெரியும்ல உனக்கு?"

எண்ணினேன். பில் எழுதும் விரல்கள் அவை. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல்.

"அமைச்சர் வீட்டு மூட்டை" என்றேன்.

சுதாகர் அதைப் போனில் பதிவு செய்துகொண்டான். என் போனைப் பிடுங்கி எதிர்ச் சுவரில் அடித்தார்கள். கையில் ஒரு மஞ்சள் துணியைச் சுற்றிவிட்டு, கடைசியில் ஷட்டரைத் தூக்கிவிட்டுப் போனார்கள். போகும்போது ஒருவன் கல்லாவிலிருந்து ஒரு நூறு ரூபாயை எடுத்துக்கொண்டான். டீக்காம்.

ஜெரால்ட் சாயங்காலத்தில் எங்கே இருப்பான் என்று எனக்குத் தெரியும். கே.ஜி.கண்டிகை டீக்கடை. அவர்களுக்கும் தெரியும். காவடிக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினேன். இரண்டு ஆட்டோக்காரர்கள் கையைப் பார்த்து வரமாட்டேன் என்றார்கள். மூன்றாமவன் முந்நூறு கேட்டான். வாழ்க்கையில் முதல் முறையாகப் பேரம் பேசாமல் ஏறினேன்.

டீக்கடை தெரியும் தூரத்தில் ஆட்டோ நின்றுவிட்டது. ரோட்டில் பாட்டில் கண்ணாடி. ஜெரால்டின் பைக் எஞ்சின் ஓடிக்கொண்டே படுத்துக் கிடந்தது. அவன் பெஞ்சுக்கும் அடுப்புக்கும் நடுவில் முழங்காலில் இருந்தான். ஒரு கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையை வெட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். சுதாகர் அவசரமே இல்லாமல், கரும்பு வெட்டுகிறவன் போலக் கால் அகட்டி நின்று வெட்டினான். பாலோடு ரத்தம் கலந்து வாய்க்காலில் ஓடியது. டீ மாஸ்டர் கரண்டியைப் பிடித்தபடி சுவரோடு சுவராக நின்றார். ஜெரால்ட் இந்தப் பக்கம் பார்த்தான். ஆட்டோவுக்குள் இருந்த என்னைப் பார்த்தானா என்று இன்றுவரை தெரியாது.

"திருப்பிடட்டாங்க?" என்றான் ஆட்டோக்காரன்.

"ஆங். திருப்பு" என்றேன்.

மறுநாள் காலை சுதாகரும் இன்னொருவனும் வெளியூர்க் கோர்ட்டில் சரணடைந்தார்கள். முன்விரோதம் என்று பேப்பரில் நாலு வரி வந்தது. மத்தியானம் அடக்கம். குன்றடியில் அம்மாவுக்குப் பக்கத்திலேயே குழி வெட்டியிருந்தார்கள். வெட்டிய மண்ணுக்குப் பக்கத்தில் அளவைக் கல் ஒன்று, சிவப்புப் பெயின்ட்டோடு, புதுசாக நட்டிருந்தது.

இரண்டு மணிக்குப் பங்காருவின் கார் வந்தது. பின்சீட்டிலிருந்து ஒரு கதவு வழியாக அமைச்சரும் மறு கதவு வழியாகக் கஜபதியும் இறங்கினார்கள். நடுவில் காலி நாற்காலிக்கு இடமில்லாத கார். என் குரலைப் போனில் போட்டுக் காட்டி, அதிகாலையிலேயே பேசி முடித்திருந்தார்கள்: கல் அமைச்சர் தரப்புக்கு, லாரி கஜபதி தரப்புக்கு, கையெழுத்து வெள்ளிக்கிழமை. பங்காரு நிம்மதியாகத் துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருந்தான். அமைச்சர் பெட்டி மேல் ஒரு சால்வை போர்த்தினார். கஜபதி ஒன்று போர்த்தினார். என் தம்பி போனதுபோல இருக்கிறது என்றார். இரண்டும் என் கடைச் சரக்கு. மடிப்பைப் பார்த்தாலே எனக்குத் தெரியும்.

கார் கிளம்பியதும் ஜெரால்டின் மனைவி கிரேஸ் எழுந்து பெட்டிக்குப் போனாள். இரண்டு சால்வையையும் உருவினாள். நாலாக மடித்தாள். கூட்டத்தின் கடைசியில், கையில் கட்டோடு நின்ற என்னிடம் நேராக வந்தாள்.

"இத எடுத்துக்கினு போங்கண்ணா. உங்க கடைக்குத்தான வரும்."

வாங்கிக்கொண்டேன். அவள் திரும்பிப் போய் மண் அள்ளிப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை கையெழுத்தாயிற்று. திங்கட்கிழமை குன்றில் முதல் வெடி. கடைத்தெருவரை கேட்கவில்லை, கனகம்மாசத்திரத்தில் கண்ணாடி அதிர்ந்ததாம். சந்திரா இப்போது ஒவ்வொரு மூட்டையையும் இரண்டு முறை பார்க்கிறாள். அந்த இரண்டு சால்வையும் மேல் தட்டில் இருக்கின்றன. இஸ்திரி போடவில்லை.

கணக்கை மட்டும் எழுதினேன், இடது கையால். எழுத்து கோணலாக இருந்தாலும் தொகை சரிதான்.

ஜெரால்ட், சால்வை ஒன்று, கடன்: வரவேண்டியது நூற்று நாற்பது.
கிரேஸ், திரும்பிய சால்வை இரண்டு: கொடுக்கவேண்டியது நூற்று இருபது.
நேர் செய்தால் அவள் எனக்கு இருபது ரூபாய் தர வேண்டும் என்று வருகிறது. இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். முதல் வரியை அடித்துவிட்டேன்.
பாக்கி, நான் கிரேஸுக்கு: நூற்று இருபது. கொடுக்கவில்லை.