வசதியான குடும்பம்

கோர்ட்டுக்கு என்ன உடுத்திக்கொண்டு போவது என்று ஜெயபாரதி யாரையும் கேட்டிருக்கத் தேவையில்லை. கேட்டாள். மந்தைவெளியில் அவள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி சூடாமணி மாமி, பீரோவைத் திறந்து அரக்குப் பட்டுப்புடவை ஒன்றையும் தன்னுடைய இரட்டைவடச் சங்கிலியையும் எடுத்துக் கொடுத்தாள்.

"பரதேசியாட்டம் போய் நிக்காதேடி. கௌரவமான குடும்பம்னு பார்த்தவுடனே தெரியணும். அப்போதான் ஜட்ஜ் விடுவார்."

மாமி நல்ல மனசோடுதான் சொன்னாள். அந்த நல்ல மனசு நாசமாய்ப் போக.

ஜெயபாரதியின் கணவன் ராஜரத்தினம் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன். தீபாவளி முடிந்து சரக்கைச் சரிபார்த்தபோது டெரிகாட்டன் துணி ஆறு பீஸ் குறைந்தது. ஸ்டாக் ரூம் சாவி அவனிடம் இருந்தது. முதலாளியும் இவர்களைப் போலத் திருநெல்வேலிப் பக்கம்தான், சுற்றி வளைத்தால் சொந்தம்கூட. சொந்தக்காரனை விட்டால் மற்றவனுக்கும் துளிர்விட்டுப் போகும் என்று போலீஸில் கொடுத்துவிட்டார். போலீஸார் வீட்டைத் தலைகீழாகப் புரட்டியும் ஒரு நூல் கிடைக்கவில்லை. ஆனாலும் கொண்டுபோனார்கள்.

கோர்ட் வராந்தாவில் ஆரோக்கியமேரி என்று ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். லஸ்ஸில் சைக்கிள் திருடிப் பிடிபட்ட புருஷனை ஜாமீனில் எடுக்க வந்தவள். தோளில் கிழிசல் தெரிய ஒரு சேலை. ஜெயபாரதியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாமா, கல்யாணத்துக்கு வந்தாமாதிரி வந்துகினு கீறே? சங்கிலியாச்சும் கயட்டி முந்தானையில முடிஞ்சுக்கோ. அய்யா கண்ணுல பட்டா தொகை ஏறிடும்."

ஜெயபாரதிக்குச் சுருக்கென்று வந்தது. "எங்க வீட்டுக்காரவுக திருடலக்கா. நாங்க எதுக்குப் பஞ்சப்பாட்டுப் பாடணும்?" என்றாள். சங்கிலியை நன்றாக வெளியே எடுத்துவிட்டுக்கொண்டாள்.

ராஜரத்தினத்தின் வக்கீல் கணேசமூர்த்தி தொழிலுக்குப் புதுசு. கௌரவமான குடும்பம், ஓடிப்போகிற ஆள் இல்லை, மனைவியே வந்திருக்கிறார் என்று சொல்லிப் பின்பக்கம் கையைக் காட்டினார். கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. மாஜிஸ்ட்ரேட்டும் பார்த்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் அத்தனை கேஸையும் முடித்தாக வேண்டும் அவருக்கு. கூண்டில் நிற்பவனுக்குச் சம்பளம் எவ்வளவு என்று அவரும் கேட்கவில்லை, வேறு யாரும் சொல்லவில்லை.

"வசதியானவங்க. சொந்த ஊர் தென்கோடியில. சின்னத் தொகை போட்டா அதை விட்டுட்டுப் போயிடுவாங்க" என்றார் அரசாங்க வக்கீல், பாதி எழுந்தபடி.

ஐயாயிரம் ரூபாய், சென்னையில் சொந்த வீடுள்ள இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும். ராஜரத்தினம் மாதம் முழுக்க நின்றால் இருநூறு வாங்குவான்.

அடுத்த கேஸ் ஆரோக்கியமேரியின் புருஷன். இதற்கு முன்பும் உள்ளே போய் வந்தவன். அவனுக்கு இருநூறு. சாயங்காலம் அவள் அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஆளின் நிலைமையைப் பார்த்துத்தான் தொகை போட வேண்டும் என்கிறது சட்டம். பார்க்காமலா போட்டார்கள்? நன்றாகத்தான் பார்த்தார்கள்.

சென்னையில் சொந்த வீடுள்ளவர் என்று ஜெயபாரதிக்குத் தெரிந்தது மாமியின் கணவர் சுவாமிநாதன் ஒருவர்தான். அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"புடவை குடுத்தது மாமி. வீட்டு வரி ரசீதைக் கொண்டுபோய்க் கோர்ட்ல வைக்கறதுங்கறது வேற. நாளைக்கு அவன் ஓடிப்போயிட்டா நானில்லையோ கையைக் கட்டிண்டு நிக்கணும்?"

"அவுக ஓடமாட்டாக மாமா."

"நான் சொல்லலைம்மா. லோகம் அப்படி இருக்கு."

தொகையைக் குறைக்கச் சொல்லிக் கணேசமூர்த்தி மனுப் போட்டார். குடும்பத்தை நேரில் பார்த்துத்தானே போட்டேன் என்றார் மாஜிஸ்ட்ரேட். அன்றைக்கு ஜெயபாரதி பழைய நூல்சேலையில் போயிருந்தாள். அது வேஷம் என்று தோன்றியிருக்கும் அவருக்கு.

பொங்கல் போயிற்று. பங்குனியில் கபாலீஸ்வரர் தேரும் போயிற்று. விசாரணை மட்டும் வரவில்லை. ஒருநாள் கணேசமூர்த்தி அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"குத்தத்தை ஒத்துக்கிட்டா ஆறு மாசம் போடுவாங்கம்மா. புதுச் சட்டத்துல உள்ளே இருந்த நாளைக் கழிச்சுக்கறாங்க. அநேகமா உடனே வந்துடலாம். இல்லேன்னு நின்னா இன்னும் ஒரு வருஷமோ என்னமோ. நான் சொன்னா உங்க வீட்டுக்காரர் கேட்க மாட்டேங்கறார். நீங்க சொல்லிப் பாருங்க."

ஜெயிலில் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று அவள் சொன்னாள்.

"நான் எடுக்கலையே, பாரதி."

"எனக்குத் தெரியாதா? எடுத்தேன்னு சொல்லிட்டு வாங்க. வீட்ல அரிசி இல்ல."

கோர்ட்டில் அவன் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. சத்தமாகச் சொல்லப்பா என்றார் மாஜிஸ்ட்ரேட். கடைசி வரிசையில் இருந்த கடைக் கணக்குப்பிள்ளைக்கும் கேட்கும்படி, "நான்தான் எடுத்தேன்" என்றான். அந்த வாரமே விட்டுவிட்டார்கள்.

பஸ்ஸில் வரும்போது கேட்டான்: "நீயாவது என்னை நம்புதியா?"

"நம்புதேன்" என்றாள். மனசாரத்தான் சொன்னாள்.

மறுநாளும் கேட்டான். வேலை தேடிப்போன கடைகளில், விஷயம் தெரிந்து மரியாதையாகவே திருப்பி அனுப்பினார்கள். அப்படி வந்த ஒவ்வொரு நாளும் கேட்டான். சாப்பிடும்போது கேட்டான், தூங்கப் போனவளை எழுப்பிக் கேட்டான். அவளும் எத்தனை தடவைதான் சொல்வாள்? அபிராமபுரத்தில் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு இடுப்பொடிய வந்த ஒரு மத்தியானம், வாசற்படியிலேயே மறித்துக் கேட்டான்.

"நீங்கதானே கோர்ட்ல சொன்னீக" என்றாள்.

அதற்கப்புறம் அவன் கேட்கவில்லை.