மணி அடிக்கும் வரை விற்பனைக்கு இல்லை

லண்டனில் நடக்கும் செல்சி மலர்க்காட்சிக்கு இரண்டு டிக்கெட் வாங்கிய பணத்தில் நல்லதாக ஒரு புல் வெட்டும் மெஷின் வாங்கியிருக்கலாம். தங்கள் ஊரான கெட்டரிங்கில் ரயில் ஏறியதிலிருந்து நெவில் இதையே நினைத்துக்கொண்டு வந்தார். வாயைத் திறந்து சொல்லவில்லை. மலர்க்காட்சி என்றாலே, "பூவைப் பாக்கறதுக்குக் காசா? நம்ம தெருவுல சும்மாவே பூக்குதே" என்று காலமெல்லாம் கிண்டலடித்த மனிதர் அவர். அவரே டிக்கெட் வாங்கி, அவரே முட்டை சாண்ட்விச் செய்து, அவரே பிளாஸ்கில் டீ ஊற்றிக்கொண்டு கிளம்பியிருக்கிறார் என்றால் வீட்டில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

சரியில்லாதது இதுதான். போன நவம்பரில் அவர் மனைவி க்ளெனிஸ் இடுப்பு ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவள் திரும்பி வரும்போது பளிச்சென்று இருக்கட்டும் என்று நெவில் கொல்லைப்புறத்தைச் சுத்தம் செய்தார். சமையலறைப் படியோரம் வாடிக் கிடந்ததையெல்லாம் பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, வரிசையாகச் சிமெண்டுப் பலகை பதித்தார். ஊன்றுகோலோடு வழுக்காமல் நடக்கலாம் அல்லவா? அந்தக் குப்பையோடு குப்பையாகத்தான் க்ளெனிஸின் ஜெரேனியம் போனது.

காசு கொடுத்து வாங்கிய செடி இல்லை அது. பள்ளிக்கூடச் சமையலறையில் பார்த்த வேலையை அவள் இழந்த வருஷம், வசந்தம் முழுக்கப் பின்படியில் சும்மா உட்கார்ந்து கிடந்தாள். அப்போது அந்தப் படியின் விரிசலில் தானாக முளைத்தது. கறுப்பு என்றே சொல்லிவிடலாம், அப்படியொரு கருஞ்சிவப்பில், தலை குனிந்த சின்னச் சின்னப் பூக்கள். இலைகளில் மை தெறித்த மாதிரி புள்ளி. இந்த மாதிரி வேறு எங்கும் பார்த்ததில்லை என்று ஊர்த் தோட்டச் சங்கத்துப் பெண்களே சொன்னார்கள். அவர்கள் அடுத்தவர் செடியை லேசில் புகழ்கிறவர்கள் இல்லை. குளிர் வந்தால் செத்த மாதிரி மண்ணோடு படுத்துவிடும், ஏப்ரலில் எழுந்துகொள்ளும். நெவிலுக்கு இது தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

வருஷா வருஷம் அதில் வேரோடு ஒரு துண்டு எடுத்து, சர்ச் விற்பனைக்குக் கொடுப்பாள். அப்படி வாங்கிக்கொண்டு போனவர்களிடம் இப்போது போய்க் கேட்டுப் பார்த்தாள். ஒருத்தி வீட்டை விற்றுவிட்டு ஸ்பெயினுக்குப் போய்விட்டாள். இன்னொருத்தி வீட்டில் நத்தை தின்றுவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று கொல்லைக் கதவைத் திறந்து பார்த்தவள் வீட்டை இரண்டாக்கப் போகிறாள் என்று நெவில் பயந்தார். அவளோ, "ரொம்ப நீட்டா இருக்கு நெவில், தேங்க்யூ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது இந்த மரியாதை. "உப்பை இப்படித் தர முடியுமா, ப்ளீஸ்." "டீக்குத் தேங்க்யூ நெவில்." ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டாலும் ஒரு வார்த்தை கிடையாது; எடுத்து மடித்துத் தொங்கவிட்டுவிடுவாள். முன்பெல்லாம் அந்தத் துண்டுக்கே மனிதர் அரை மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொள்வார். பத்துச் செடி வாங்கித் தருகிறேன் என்றார். "பரவாயில்ல." பார்க்கக் களை மாதிரி இருந்தது என்றார். "இருக்கும்." நீ வழுக்கி விழுந்துவிடக் கூடாதே என்றுதானே செய்தேன் என்றார். "நல்ல எண்ணம்தான்." எதற்கும் பிடி கொடுக்கவில்லை. சொந்த வீட்டில் வாடகைக்கு இருப்பவரைப் போல ஆகிவிட்டார் நெவில். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. க்ளெனிஸ் பழைய க்ளெனிஸாகி அவரை நாலு வார்த்தை நன்றாகத் திட்ட வேண்டும். அதற்காகத்தான் செல்சி.

காட்சியின் கடைசி நாள், சனிக்கிழமை. உள்ளே பூக்களைவிட முதுகுகள் அதிகம். பரிசு வாங்கிய தோட்டம் ஒன்றை எட்டிப் பார்க்க இரண்டு பேரும் கால் கடுக்க நின்றார்கள். முன்னால் இருந்தவர்கள் நகர்ந்ததும் தெரிந்தது: துருப்பிடித்த தகரச் சுவர், ஒரு குட்டை, நாலு புல்.

"இதுக்கா தங்க மெடல்?" என்றார் நெவில். "நம்ம கொட்டகையைத் தூக்கிட்டு வந்து வெச்சிருந்தா ரெண்டு மெடல் குடுத்திருப்பாங்க."

பக்கத்தில் நின்ற யாரோ சிரித்தார்கள். 'மானத்தை வாங்காதே' என்று க்ளெனிஸ் விலாவில் இடிப்பாள் என்று காத்திருந்தார்.

"அவங்கவங்க ரசனை" என்றாள் க்ளெனிஸ்.

பழத்துண்டு மிதக்கும் பிம்ஸ் மது ஒரு கோப்பை வாங்கித் தரட்டுமா என்று கேட்டார். விலைப்பலகையைப் பார்த்த பிறகும் கேட்டார். "வேண்டாம், தேங்க்யூ." பெஞ்சில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றார்கள். "நல்லா செஞ்சிருக்க." அதில் மிளகு போட மறந்திருந்தார். மிளகில்லாத முட்டை சாண்ட்விச்சை க்ளெனிஸ் நல்லா செஞ்சிருக்க என்று சொன்னதும் நெவிலுக்குக் கண்ணீரே வந்துவிடும் போல இருந்தது.

அப்புறம்தான் பெரிய கூடாரத்துக்குள் போனார்கள். ரோஜா, லில்லி, மலைபோல் அடுக்கிய டெல்ஃபினியம் எல்லாவற்றையும் தாண்டி, ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி முன்னால் போய்க்கொண்டிருந்த க்ளெனிஸ் ஒரு மூலைக் கடை முன் சட்டென்று நின்றாள். நெவில் அவள் முதுகில் போய் முட்டிக்கொண்டார்.

மேசை ஓரத்தில் மூன்று தொட்டிகள். கருஞ்சிவப்புப் பூ, தலை குனிந்து. இலையில் மை தெறித்த புள்ளி. பெயர்ப்பலகையில் 'மிஸ்டர் பிக்கிள்ஸ்' என்று எழுதியிருந்தது.

க்ளெனிஸ் ஓர் இலையைப் புரட்டி அடிப்பக்கம் பார்த்தாள். கடையில் இருந்த பெண்ணிடம், "இது எங்கேருந்து வந்தது?" என்று கேட்டாள்.

"எங்க அத்தை குடுத்தது" என்றாள் அந்தப் பெண். பெயர் ஃபிலிப்பா என்று சட்டையில் குத்தியிருந்தது. "ஏதோ சர்ச் விற்பனையில வாங்கினாங்களாம். கெட்டரிங் பக்கம். தயிர் டப்பாவுல வெச்சிருந்தாங்கன்னு சொன்னாங்க."

"ஸ்ட்ராபெரித் தயிர்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நாங்க வாங்கறது அதுதான்."

ஃபிலிப்பாவின் முகம் அந்தப் பூவின் நிறத்துக்குப் போனது. "ஐயோ! உங்க செடியா இது? தெரிஞ்சிருந்தா உங்களைக் கேக்காம பேரு வெச்சிருக்க மாட்டேனே!"

"யாரு அந்த மிஸ்டர் பிக்கிள்ஸ்?"

"எங்க நாய்."

"நல்ல நாயா?"

"கடிக்கும்."

க்ளெனிஸின் உதட்டோரம் அசைந்தது. இம்மிதான். ஆறு மாதமாக அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்த நெவிலுக்கு அது போதும். பர்ஸை எடுத்துவிட்டார். "எவ்வளவும்மா? மூணையும் எடுத்துக்கறோம்."

"இப்ப முடியாதுங்க. நாலு மணிக்கு மணி அடிக்கணும். அதுவரைக்கும் கூடாரத்துல ஒரு செடியும் கை மாறக்கூடாது, விதி. என் அம்மாவே கேட்டாலும் தர முடியாது." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மீதியெல்லாம் இந்தக் குளிர்கால மழையில அழுகிப்போச்சு. இனிமே விக்கற அளவுக்கு வர ரெண்டு மூணு வருஷம் ஆகும். மணி அடிக்கறப்போ இந்த மூலையில வந்து நில்லுங்க, முதல் தொட்டி உங்க கையிலதான் குடுப்பேன்."

"நீ போய் உக்காரு கண்ணு" என்றார் நெவில் க்ளெனிஸிடம். "நான் பாத்துக்கறேன்." அவள் வெளியே பெஞ்சுக்குப் போனாள். அவர் அந்த மூலையில் வேர்விட்டார்.

மணி நெருங்க நெருங்கக் கூட்டத்தின் குணம் மாறியது. காலையில் "எவ்வளவு அழகு, எவ்வளவு அழகு" என்று உருகிய அதே பெண்மணிகள் மடக்கு வண்டிகளைப் பிரித்து வைத்துக்கொண்டு, முழங்கையைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். நெவில் கலங்கவில்லை. அவர்தான் முதலில் வந்தவர். முதலில் வந்தவருக்கு முதலில் என்பது அவர் பிறந்ததிலிருந்து மாறாத சட்டம். பின்னால் இருப்பவர்கள் எல்லாம் தனக்குப் பின்னால்தான் என்று மனிதர் உளமார நம்பினார்.

மணி அடித்தது. சட்டம் காற்றில் பறந்தது. மேசையிலிருந்து யாரோ பறித்த முதல் தொட்டி அவர் தோளுக்கு மேலாகப் போனது, இரண்டாவது அக்குளுக்குக் கீழாக. ஃபிலிப்பா மூன்றாவதைத் தூக்கி, "இந்தாங்க, இந்தாங்க!" என்று அவரை நோக்கி நீட்டினாள். அந்த நேரம் பார்த்து பச்சைத் தொப்பி போட்ட ஓர் அம்மாள் தன் வண்டிச் சக்கரத்தை அவர் கால்மேல் ஏற்றினாள்.

"ஸாரி" என்றார் நெவில். சொல்லிவிட்டு, வழியும் விட்டார்.

தனக்குத்தான் நீட்டுகிறார்கள் என்று நினைத்த பச்சைத் தொப்பி தொட்டியை வாங்கிக்கொண்டு, காசைக் கொடுத்துவிட்டு, போயேவிட்டது.

நெவில் வாழ்க்கையில் செய்யாத காரியத்தைச் செய்தார்: கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினார். வாசல் அருகே பிடித்துவிட்டார்.

"மேடம், அந்தச் செடி. ரெட்டை விலை தரேன்."

"காசுக்கா நான் இவ்வளவு நேரம் நின்னேன்?" என்றாள் அந்த அம்மாள். "அழகான செடி. தர மாட்டேன்."

"அது என் மனைவியோடதுங்க. அவ ஆஸ்பத்திரியில இருந்தப்போ நான் பிடுங்கிப் போட்டுட்டேன். அவளை ஒண்ணுமே கேக்காம. களைன்னு நெனச்சேன்னு சொல்லிட்டுத் திரியறேன், ஆனா களையா செடியான்னு நான் குனிஞ்சுகூடப் பாக்கல. தப்பு என்னோடது. ஆறு மாசமா அது எனக்குத் தெரியும்."

பச்சைத் தொப்பி அவரை மேலும் கீழும் பார்த்தது. "ஸாரிகூட என்கிட்ட சொன்னீங்க, இதையும் என்கிட்டயே சொல்றீங்க. நீங்க பிடுங்கினது என் செடி இல்லையே." வண்டி கடகடவென்று உருண்டு போய்விட்டது.

திரும்பினால் க்ளெனிஸ் நின்றுகொண்டிருந்தாள், ஒரு கையில் ஊன்றுகோல், மறுகையில் பிளாஸ்க்.

"எப்ப வந்த?"

"'ஒண்ணுமே கேக்காம'ன்னப்ப."

இந்த முறை நெவில் அவளிடமே சொன்னார். "ஸாரி, க்ளெனிஸ். உன்னைக் கேட்டிருக்கணும். கேக்கல." வழுக்கும் என்றோ நல்லதுக்கு என்றோ எதையும் சேர்க்கவில்லை.

அவள் அவருடைய வெறுங்கையைப் பார்த்தாள். "செடி எங்க?"

"போச்சு. ஒரு அம்மா காலை மிதிச்சாங்க, நான் நகந்துட்டேன்."

"நகந்துட்டியா?" க்ளெனிஸின் குரல் ஒரு படி ஏறியது. "மத்தியானத்துலேர்ந்து முதல் ஆளா நின்னுட்டு, கடைசித் தொட்டியை நீட்டறப்போ நகந்துட்டியா? ஆளா இல்ல கோட்டு மாட்டற ஸ்டாண்டா நீ?"

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கவலைப்படவில்லை. சுரங்க ரயில் படிக்கட்டில் ஈரத் துண்டுக்குத் திட்டு வாங்கினார். பெட்டிக்குள் ஆளுயரப் பூக்களைக் கட்டிக்கொண்டு நின்றவர்களுக்கு நடுவே சிமெண்டுப் பலகைக்கு வாங்கினார். எதிரே இருந்த ஆள் தன் லில்லிக் கொத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு கேட்டான். டிக்கெட், ரயில், எல்லாம் சேர்த்து ஆன செலவை நெவில் மனசுக்குள் ஒருமுறை கூட்டிப் பார்த்தார். ஒன்றும் அதிகமில்லை என்று தோன்றியது.

கெட்டரிங் ரயிலில் உட்கார்ந்ததும் மிளகு விஷயம் வந்தது. அது முடிந்ததும் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, குரலை இறக்கி, வேறு ஒன்று சொன்னாள்.

"அன்னிக்கு வந்து கதவைத் திறந்தேன். எல்லாம் கழுவித் தொடச்சு வெச்சிருந்த. செத்துப்போனவங்க அறையை ஒழிச்சு வெப்பாங்கல்ல, அப்படி இருந்துது. நான் இன்னும் உயிரோட நிக்கறேன், இவன் அதுக்குள்ள என்னை அள்ளிப் போட்டுட்டானேன்னு இருந்துது நெவில். அதை எப்படிச் சொல்றது? தேங்க்யூன்னு சொன்னேன்."

நெவிலின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவள் கையைப் பிடித்தார். அது சில்லென்று இருந்தது.

"கையை எடு" என்றாள் க்ளெனிஸ், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இன்னும் முடிக்கல நான்."

அவர் எடுக்கவில்லை. கெட்டரிங் வர இன்னும் நேரம் இருந்தது.