மீந்த மாத்திரைகள்

மருத்துவமனையில் கொடுத்தனுப்பிய கேள்வித்தாளில் மொத்தம் முப்பத்தெட்டுக் கேள்விகள். முதல் பதின்மூன்றையும் அவள் மளமளவென்று எழுதிவிட்டாள். ஆறு மாதத்துக்குள் பச்சை குத்திக்கொண்டீர்களா? இல்லை. வெளிநாடு போனீர்களா? கடைத்தெருவைத் தாண்டியே எத்தனையோ நாளாயிற்று, இல்லை. தினமும் ஒழுங்காக வெளிக்குப் போகிறதா? ஐம்பத்தாறு வயதில் இதற்கெல்லாம் எழுத்தில் பதில் கொடுக்க வேண்டிவரும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. இருந்தாலும் கொஞ்சம் பெருமையோடுதான் ‘ஆம்’ என்று எழுதினாள்.

பதினான்காவது கேள்வியில் பேனா நின்றது. ‘கடந்த மூன்று மாதங்களில் ஆன்டிபயாடிக் மாத்திரை ஏதாவது சாப்பிட்டீர்களா?’

அவள் கணவர் முப்பது வருடம் மின்தூக்கி பழுதுபார்த்தவர். தெருவில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர். எட்டு மாடிக் கம்பியில் தொங்கி வேலை பார்த்த மனிதரை இன்று குளியலறைக்கும் கட்டிலுக்கும் நடுவே இருந்த பன்னிரண்டு அடி தூரம் தோற்கடித்துவிட்டது. எல்லாம் ஒரு கடைவாய்ப் பல்லில் தொடங்கியது. பல்லில் சீழ், அதற்கு மாத்திரை. பல் ஆறியது, வயிறு கெட்டது. மூன்று முறை மருந்து கொடுத்தார்கள். மூன்று முறையும் நின்றுபோன வயிற்றுப்போக்கு பத்துப் பதினைந்து நாளில் திரும்பி வந்தது. பதினொரு கிலோ குறைந்துவிட்டார்.

வயிற்று டாக்டரம்மா காகிதத்தில் ஒரு குடலை வரைந்து விளக்கினார்.

“நம்ம குடல்ல கோடிக்கணக்கான நுண்ணுயிர் குடியிருக்கு. பெரும்பாலும் நல்ல குடித்தனக்காரங்க. நாம செரிக்க முடியாததை அதுங்க செரிக்கும், கெட்ட கிருமி வந்தா இடம் கொடுக்காது. ஆன்டிபயாடிக் நல்லவன் கெட்டவன் பார்க்காது, தெருவையே காலி பண்ணிடும். காலி வீட்ல ஒரு ரவுடி பூந்துட்டான். அவன்தான் இவர் வயித்துல ஆட்டம் போடறான்.”

“நான் ரெண்டு வேளையும் தயிர் கொடுக்கறேன் டாக்டர். நல்ல கிருமி மாத்திரைன்னு கடையில வாங்கியும் கொடுத்தேன்.”

“தயிர் நல்லதுதான், கொடுங்க. ஆனா நாலு குடும்பத்தை அனுப்பி ஊரையே நிரப்ப முடியுமா? இவருக்கு மொத்த ஊரையே கொண்டுவந்து குடியேத்தணும்.”

அந்த மொத்த ஊர் எங்கிருந்து வரும் என்று கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. ஆரோக்கியமான ஒருவருடைய மலத்தைப் பரிசோதித்து, கரைத்து வடிகட்டி, குழாய் வழியாக இவர் குடலுக்குள் வைப்பார்களாம். பத்துப் பேரில் எட்டுப் பேருக்காவது குணமாகிறதாம். லிஃப்ட்காரர் முதலில் சிரித்தார். பிறகு காது சிவக்கத் தலையைக் குனிந்துகொண்டார். கடைசியில், “எவனோ ஒருத்தனோடது வேண்டாம் டாக்டர். இவளோடதுன்னா சரி. இல்லைன்னா இப்படியே கிடந்துட்டுப் போறேன்” என்றார்.

காதலித்த நாளில்கூட இவ்வளவு அழுத்தமாக அவர் அவளைக் கேட்டதில்லை.

அவள் பேனாவை மூடிவிட்டுக் குளிர்பதனப் பெட்டிக்கு மேலிருந்த பிஸ்கட் டப்பாவை எடுத்துத் தையல் மேசையில் கவிழ்த்தாள். பழைய உடையைப் பிரித்துச் சரிசெய்யும் கடையில் இருபது வருடமாக வேலை. மீந்த துணியை எறிய மனம் வராத கை அது. மீந்த மாத்திரையை மட்டும் எறிந்துவிடுமா? காய்ச்சல் விட்டதும், வலி நின்றதும், மிச்சத்தைக் கத்தரித்து இந்த டப்பாவில் போட்டுவிடுவாள். அடுத்தவர் யாருக்காவது ஆகும்.

அலுமினிய அட்டைகள் கலகலவென்று சரிந்தன. ஒவ்வொன்றுக்கும் அவளுக்குக் கதை தெரியும். மூன்று குழி மட்டும் மிஞ்சிய இந்த அட்டை, மகளுக்குப் பள்ளியின் கடைசித் தேர்வன்று வந்த காய்ச்சல். அவர்தான் தோளில் தூக்கிக்கொண்டு ஓடி, தேர்வறை வாசலில் இறக்கிவிட்டார். இந்த நீலப் பெட்டி, மின்தூக்கிக் கதவில் அவர் கட்டைவிரல் நசுங்கியபோது வாங்கியது. அந்த ஒரு மாதமும் சட்டைப் பொத்தானை அவள்தான் போட்டுவிட்டாள், விரல் ஆறிய பிறகும் ஒரு வாரம் ஆறாததுபோல அவர் நடித்தார். எழுத்தெல்லாம் அழிந்துபோன இந்தப் பழுப்பு அட்டை, சலவைக்கடைக்கு மேலே அவர்கள் முதன்முதலில் குடியிருந்த ஒற்றை அறையில் அவளுக்கு வந்த இருமல். சுவரெல்லாம் சோப்பு மணக்கும். கீழே இயந்திரம் சுற்றினால் மேலே தட்டு ஆடும். இருந்த ஒரே தட்டில் இருவரும் சாப்பிட்டார்கள். இருமல் ஒட்டிக்கொள்ளும் என்று அவள் தட்டைத் தள்ளிவைத்தபோது, “ஒட்டிக்கட்டும், அதுவும் நம்ம வீட்டுதுதானே” என்று இழுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டவர்.

ஒரு அட்டை மட்டும் முழுக்கக் காலியாக இருந்தது. அவருடைய பல்லுக்கு வாங்கியதில் மீந்த ஆறு மாத்திரைகள். ஏழு வாரத்துக்கு முன்பு தொண்டை வலித்தபோது, வீணாகக் கூடாதென்று அவளே விழுங்கியவை.

அதோடு போயிற்றா? பல் ஆறிய மறு வாரம் அவருக்குச் சளி பிடித்தபோது, இதே டப்பாவிலிருந்து வேறொரு அட்டையை எடுத்துக் கொடுத்ததும் இந்தக் கைதான்.

“எத்தனாவது கேள்விம்மா?” கட்டிலிலிருந்து அவர் குரல்.

“பதினாலு.”

“காலையிலயும் பதினாலுதான் சொன்னே.”

“எழுத்து பொடியா இருக்கு.”

“எனக்கு இப்பல்லாம் பயமே இல்ல, தெரியுமா. இத்தனை வருஷம் ஒரே அடுப்புல சமைச்சதைத்தான் ரெண்டு பேரும் சாப்பிட்டோம். உன்னோடது உள்ள வந்தா வேத்தாள் வந்த மாதிரியே இருக்காது.”

அவள் பேனாவைத் திறந்து ‘இல்லை’ என்று எழுதினாள்.

மறுநாள் காலை டாக்டரம்மா தாளை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வந்தார். லிஃப்ட்காரர் பக்கத்து நாற்காலியில், தொளதொளத்த சட்டைக்குள் தேட வேண்டியவராக உட்கார்ந்திருந்தார். பதினான்காவது கேள்வியில் டாக்டரம்மா நிமிர்ந்தார்.

“இது ரொம்ப முக்கியம். மாத்திரை சாப்பிட்டவங்க குடல்லயும் தெரு பாதி காலியாத்தான் இருக்கும். அதைக் கொண்டுபோய் இவருக்கு வெச்சா நமக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காது. நிச்சயமா எதுவும் சாப்பிடலைதானே?”

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் நம்பிக்கையோடு, ஏதோ பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். இந்த மனிதருக்குப் போய்க் காலி டப்பாவைக் கொடுக்கப் பார்த்தேனே.

“சாப்பிட்டேன் டாக்டர். ஆறு மாத்திரை. அவருக்கு வாங்கினது.” தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. “அவருக்குச் சளி வந்தப்பவும் நான்தான் வீட்ல இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். இதெல்லாம் என்னாலதான் வந்துச்சோ என்னவோ.”

டாக்டரம்மா திட்டவில்லை. பல்லுக்குச் சாப்பிட்டதாலேயே வந்திருக்கலாம், எதனால் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றார். மீந்த மாத்திரைகளை இன்றே மருத்துவமனை மருந்தகத்தில் ஒப்படைக்கச் சொன்னார். அவள் கொடுப்பதென்றால் இன்னும் ஐந்து வாரம் பொறுக்க வேண்டும். அவர் உடம்பு அதுவரை தாங்காது. வேறு யார் இருக்கிறார்கள்?

மகளுக்குப் போன மாதம்தான் பிரசவம். பிரசவ ஆஸ்பத்திரியில் அவளுக்கும் இதே வகை மாத்திரை கொடுத்திருந்தார்கள்.

வெளி வராந்தாவில் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவள் தன் முந்தானை நுனியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

“தொண்டை வலிக்குதுன்னு என்கிட்ட சொல்லவே இல்லையே” என்றார் லிஃப்ட்காரர்.

அவள் எதிர்பார்த்த கோபம் இது இல்லை. “நீங்க நடக்கவே முடியாம இருந்தீங்க. இதுல என் தொண்டை வேறயா?”

“சொல்லியிருக்கலாம். சுடுதண்ணியாவது வெச்சுக் கொடுத்திருப்பேன்.”

அவள் முந்தானையை விட்டுவிட்டு அவர் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தாள்.

“நேத்து ராத்திரி முழுக்க இதைத்தான் மென்னுகிட்டு இருந்தியா?”

“ம்.”

“சரி விடு. நீ இல்லைன்னா வேண்டாம். வீட்டுக்குப் போவோம்.”

“வேண்டாமா? வாயை மூடுங்க. எனக்குத் தெரிஞ்சு மாத்திரையையே தொடாத ஆள் ஒருத்தன் இருக்கான்.”

லிஃப்ட்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அவனா? உன் தம்பியா?”

அவள் தம்பி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். மாத்திரை என்றாலே தொண்டை இறுகிவிடும். சின்ன வயதில் கொடுத்ததையெல்லாம் சோபா இடுக்கில் ஒளித்து வளர்ந்தவன். சளியோ காய்ச்சலோ, படுத்துத் தூங்கியே விரட்டிவிடுவான். அக்காவுக்குக் கல்யாணமான மூன்றாம் வாரம், வேலை தேடுகிறேன் என்று சலவைக்கடை அறைக்கு ஒரு பையோடு வந்து, நடுவே ஒரு திரையைக் கட்டிக்கொண்டு எட்டு மாதம் இருந்தான். அதை லிஃப்ட்காரர் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அக்கா போனில் சொன்னதும், பாடம் நடந்துகொண்டிருந்த காரை அப்படியே மருத்துவமனைக்குத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டான். ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த அம்மாள்தான் நடுக்கத்தோடு வண்டியை நிறுத்தினாள். முப்பத்தெட்டுக் கேள்விக்கும் கால் மணி நேரத்தில் பதில் எழுதினான்.

“எல்லாத்துலயும் தேறிட்டேன் மாமா.”

“உன் வாழ்க்கையிலயே நீ ஒரே தடவையில தேறின பரீட்சை இதுதான்டா.”

“கிண்டல் பண்றவங்களுக்குக் கொடுக்க மாட்டேன், ஆமா.”

“என் புது மாப்பிள்ளைக் காலத்துல எட்டு மாசம் குறுக்கே படுத்தே. போதாதுன்னு இப்ப வயித்துக்குள்ளயே வரப் பார்க்கறே.”

“அன்னிக்கு ஒரு நாள்கூட நீங்க என்னைப் போன்னு சொல்லலை மாமா” என்றான் தம்பி. கேலி நின்றுபோயிருந்தது. “அந்தச் சோறுதானே இந்த உடம்பு. எடுத்துக்கங்க.”

லிஃப்ட்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு அந்தப் பக்கமே பார்த்தபடி, “எங்கே கையெழுத்துப் போடணும்?” என்றார்.

இரத்தம், மலம் எல்லாப் பரிசோதனையும் முடிய ஒன்பது நாள். வைத்தியம் முடிய ஒரு காலைப்பொழுது. மறுநாள் டாக்டரம்மா அவளைத் தனியே கூப்பிட்டு, இனிமேல்தான் உங்கள் வேலை என்றார். குடிவந்தவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டாமா? நமக்குச் செரிக்காத நார்ச்சத்துதான் அவர்களுக்கு விருந்து: வெங்காயம், பூண்டு, பருப்பு, அதிகம் கனியாத வாழைப்பழம், தவிடு நீக்காத தானியம். வயிறு தாங்கத் தாங்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். பட்டினி போட்டால் வந்தவர்கள் தங்க மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்தும் ஒரு வாரம் அவள் கண் குளியலறைக் கதவிலேயே இருந்தது. கதவு திறக்கும் ஓசை கேட்டால் கை வேலை நின்றுவிடும். நாளுக்குப் பன்னிரண்டு முறை திறந்த கதவு ஐந்தாயிற்று, மூன்றாயிற்று.

எட்டாம் நாள் காலை அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். சொல்லக் கூச்சப்படுகிறவர்போல நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னிக்கு… ஒழுங்கா போச்சு. முன்னெல்லாம் போற மாதிரி.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“வெங்காயமா?” என்றார் அவர்.

“பின்னே?”

அவர் முக்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். பூண்டை எடுத்து, மெதுவாகத் தோல் உரிக்கத் தொடங்கினார். ஒரு பல் உரிக்க அவருக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. அவள் வாங்கிக்கொள்ளவில்லை, அடுத்ததை அவர் பக்கம் தள்ளிவைத்தாள்.