பிறிஜெற்றின் காய்ச்சலும் பழைய மோட்டரும்

கொட்டாஞ்சேனையில் கிளெமென்ற்றின் படகு மோட்டர் அளவுக்கு மீறிச் சூடேறிய நாட்களிலெல்லாம் அவருடைய மனைவி பிறிஜெற்றுக்குக் காய்ச்சல் வந்தது. மோட்டர் ஆறியதும் காய்ச்சலும் இறங்கியது. துறைமுகத்தில் கணக்கெழுதும் லிகிதராக இருந்த கிளெமென்ற், தங்கள் இருவரையும்விட மூத்த அந்த மோட்டரை நீர்கொழும்பில் ஒரு பழைய சாமான்காரரிடம் வாங்கி, முச்சக்கரவண்டியில் மடியோடு அணைத்துக்கொண்டு வந்திருந்தார். முதல் ஞாயிறு அவர் முகத்துவாரத்தில் படகை ஓட்டியபோது, வீட்டில் பாடசாலைச் சீருடை தைத்துக்கொண்டிருந்த பிறிஜெற்றுக்கு உடம்பு கொதித்தது. அடுத்த ஞாயிறும் அப்படியே. டொக்டர் இரத்தம் சோதித்து, டெங்கு இல்லை என்றார். அயலவர்கள் இதை மின்வெட்டுச் செய்தியைப் போலக் கேட்டுவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள்.

மோட்டர் திருத்தும் ஜவாத் வந்தார். பின்வளவில் பெரிய பீப்பாவில் தண்ணீர் நிரப்பி, மோட்டரை அதில் இறக்கி ஸ்டார்ட் பண்ணினார்கள். பக்கத்துக் கதிரையில் பிறிஜெற் கக்கத்தில் தேமாமீற்றருடன் இருந்தார். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் மோட்டரின் பக்கத்து ஓட்டையிலிருந்து நல்ல விசையோடு பீறிட்டது. ஆகவே பம்பில் பிழையில்லை. ஆனாலும் சூடு ஏறிக்கொண்டே போனது. பிறிஜெற்றின் உதடு நடுங்கத் தொடங்கியது. ஜவாத் சட்டென்று நிறுத்தினார். இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் எஞ்சின் இறுகிப்போயிருக்கும் என்றார். பிறகு பிறிஜெற்றைப் பார்த்துவிட்டு, அவருக்குக் குடிக்கத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

கிளெமென்ற்றின் கண் கலங்கிவிட்டது. “வித்துப்போடுவம்,” என்றார்.

“வித்துப்போட்டு?” பிறிஜெற்றுக்குக் கோபம் வந்தது. “வாங்கிறவன் தண்ணியில்லாம ஓட்டினா என்னை ஆர் பாக்கிறது?”

ஜவாத் கதிரைக்கு முன்னால் குந்தியிருந்து, “அக்கா, சூடு மொதல்ல எங்க தொடங்குது?” என்று கேட்டார்.

பிறிஜெற் கண்ணை மூடி யோசித்தார். “கால் குளிர்ந்துதான் கிடக்கு. கழுத்துமட்டும் தண்ணி ஏறி வருது. அதுக்கு மேல போகேல்ல. உச்சந்தலைதான் எரியுது.”

ஜவாத் எஞ்சினின் தலைப்பக்கத்தைக் கழற்றினார். அங்கே சூடு வந்ததும் திறந்து தண்ணீரை ஓடவிட வேண்டிய சிறு வால்வு ஒன்று, உப்புப் படிந்து மூடியபடியே இறுகிக் கிடந்தது. அடுப்பில் கொதிக்கும் தண்ணீரில் போட்டுப் பார்த்தார்கள், திறக்கவில்லை. கிளெமென்ற் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் ஏறி இறங்கி அதே அளவில் ஒன்று தேடிக்கொண்டுவந்தார். மோட்டரின் தலையை வினாகிரியில் ஊறவைத்துக் கழுவிய பின்னேரம் முழுக்க, பிறிஜெற்றுக்குத் தேத்தண்ணீரும் புளித்தது.

புது வால்வைப் பூட்டி மறுபடி ஓட்டினார்கள். வெப்பம் மெல்ல ஏறியது. பிறகு தலைக்குள் ஏதோ திறந்தது போலிருக்க, பிறிஜெற், “அப்பாடா!” என்று சாய்ந்தார். கிளெமென்ற் ஒரு கையை எஞ்சினிலும் மறுகையை மனைவியின் நெற்றியிலும் வைத்தார். இரண்டும் ஒரே இளஞ்சூடு. ஜவாத் சிரித்தபடி திருகுசாவிகளைத் துடைக்கப் போனார், கிளெமென்ற் கையை எடுக்கவேயில்லை.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் கிளெமென்ற் கடலுக்குப் போகிறார். படகை நிறுத்தித் தூண்டில் போடும்போது பிறிஜெற்றின் உடம்பு குளிரும். திரும்பப் புறப்பட்டதும் சூடு பிடிக்கும். மீன் பங்குக்குக் காத்திருக்கும் பக்கத்து வீட்டுச் சுபாஷினி மதிலால் எட்டி, “அங்கிள் வெளிக்கிட்டாரோ?” என்று கேட்பார்.

பிறிஜெற் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பார்.

“ஓம். சட்டியைக் கழுவி வையுங்கோ.”