நான்காவது கால்

பல் டாக்டரின் கார் ஷெட்டில் கார் நின்று பதினோரு வருடங்கள் ஆகின்றன. கார் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு லேத் நிற்கிறது, இரும்பைச் சுழற்றிக் கடைகிற மெஷின். உள்நாட்டுத் தயாரிப்பு, அவரைவிட ஆறு வயது மூத்தது. மூடிப்போன தொழிற்சாலை ஒன்றிலிருந்து அதைக் கொண்டுவந்த அன்று வாசல் கேட்டையே கழற்ற வேண்டியிருந்தது.

சனிக்கிழமைகளில் அங்கே பொழுதுபோக்குக்காகக் கடைசல் வேலை பார்க்க நாலைந்து பேர் கூடுவார்கள். இரும்பை வைத்துப் பிழைக்கிறவர் அவர்களில் ஒருவருமில்லை. ஒருவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார், ஒருவர் தபால் அலுவலகத்தில் வேலை செய்கிறார். எல்லா விஷயத்திலும் சண்டை போடுவார்கள், ஒன்றைத் தவிர. இறக்குமதியாகிற புது லேத்துகள் எல்லாம் பெயின்ட் அடித்த பொம்மைகள் என்பதுதான் அது. “அதுல கேரட் சீவலாம்,” என்பார் மருந்துக்கடைக்காரர். எதை எடுத்தாலும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளந்து பார்ப்பதால் அவருக்கு மைக்ரான் என்று பட்டப்பெயர்.

அதனால், டாக்டர் மனைவியின் தம்பி யாரையும் கேட்காமல் ஒரு இறக்குமதி லேத்தை வாங்கியபோது, வீட்டுக்குச் சொல்லாமல் செய்துகொண்ட கல்யாணத்தைப் போலத்தான் அதை எல்லாரும் பார்த்தார்கள். எதிர்க்கவில்லை, வாழ்த்தவும் இல்லை. தம்பி நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவன். கைப்பிடி அளவில், உண்மையாகவே ஓடுகிற ஒரு நீராவி இஞ்சின் செய்ய வேண்டும் என்பது அவன் ஆசை. மாடி அறையில் ஒரு இரும்பு மேஜை மேல் மெஷினை வைத்தான். டாக்டரே வந்து பொருத்திக் கொடுத்தார். அவருடைய மெஷினுக்கு போல்ட்டே கிடையாது; தன் எடையிலேயே அசையாமல் நிற்கும். இதற்கு நான்கு காலிலும் போல்ட் போட்டு, ஸ்பேனரில் உடம்பின் முழு பாரத்தையும் கொடுத்து இறுக்கினார்.

“பொம்மை எழுந்து ஓடிடக் கூடாதுல்ல, மச்சான்.”

மூன்று மாதத்தில் தம்பி பதினான்கு பிஸ்டன்கள் கடைந்தான். ஒவ்வொன்றும் ஒரு முனையில் பருத்து, மறுமுனையில் இளைத்து வந்தது. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம்தான், ஆனால் இஞ்சின் சிலிண்டருக்குள் பாதி தூரம் போய்ச் சிக்கிக்கொள்ளும். தன் கைதான் சரியில்லை என்று முதலில் நினைத்தான். பிறகு டாக்டர் வந்து அளந்தார். மெஷின்தான் கோணல் என்று தீர்ப்புச் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் துக்கம் இல்லை. அளவுகளைப் படம் எடுத்து சனிக்கிழமை நண்பர்களின் வாட்ஸ்அப் குரூப்புக்கு அனுப்பினார். கேரட் படங்கள் வந்து குவிந்தன.

“மெஷினும் சரியில்ல, எனக்கும் கை வரல. வித்துடறேன், அத்தான். இனிமே இந்த வேலையே வேண்டாம்,” என்றான் தம்பி. வாங்க ஒரு ஆள் கிடைத்தார். ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வேனோடு வருவதாகச் சொன்னார்.

அன்று மூன்று மணிக்கு, மெஷினைக் கழற்றிக் கொடுக்க டாக்டர் ஸ்பேனரோடு மாடி ஏறினார். தம்பியின் மனைவி கதவைத் திறந்துவிட்டாள்.

“வாங்கண்ணா. இன்னையிலேர்ந்து இந்த ரூம்ல துணி காயப்போடலாம்.”

“உன் புருஷன் எங்கம்மா?”

“கயிறு வாங்கப் போயிருக்காரு. பிஸ்டனெல்லாம் குப்பையில போடச் சொல்லிட்டாரு. பேப்பர் பறக்காம வைக்க ரெண்டு எடுத்து வச்சுக்கிட்டேன்.”

அவள் கீழே இறங்கிப் போனாள். டாக்டர் பின்பக்க வலது காலின் நட்டைத் தளர்த்தினார். அரைச்சுற்று திரும்பியதும் ‘டக்’ என்று ஒரு சத்தம். மெஷினின் கால் மேஜையை விட்டு மேலே எழும்பி நின்றது. குனிந்து பார்த்தார். இடுக்கில் அவருடைய விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தது.

மேஜையின் அந்த மூலை தாழ்வாக இருந்திருக்கிறது. இடுக்கில் மெல்லிய தகடு செருகிவிட்டு இறுக்கியிருக்க வேண்டும். அவரோ காலைக் கீழே இழுத்து இறுக்கி, ஈரத்துணியைப் பிழிவது போல மெஷினின் உடம்பையே முறுக்கி வைத்திருந்தார். அவருடைய கனத்த மெஷினில் இப்படி ஒரு சங்கதியே கிடையாது. அவர் யோசித்ததும் இல்லை.

கதவைச் சாத்தினார். ஒரு பித்தளைக் கம்பியைப் பொருத்தி மெல்லிசாக ஒரு சுற்றுக் கடைந்தார். இரண்டு முனைகளையும் அளந்தார். ஒரே அளவு. துடைத்துவிட்டு மறுபடி அளந்தார். அதே அளவு.

மீதி மூன்று நட்டுகளையும் கழற்றிவிட்டால் போதும். ஐந்து மணிக்கு வேன் வரும், மெஷின் போய்விடும். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். நோயாளியின் வாயில் தவறான பல்லைத் தொட்டுவிட்டால் எப்படி உட்காருவாரோ, அப்படி உட்கார்ந்திருந்தார்.

தம்பி கயிற்றுச் சுருளோடு உள்ளே வந்தான்.

“என்னத்தான், இன்னும் ஒண்ணுகூட கழட்டலையா?”

“மச்சான், இதை அளந்து பாரு.”

அவன் அளந்தான். கம்பியைத் திருப்பிப் போட்டு மறுபடி அளந்தான்.

“எப்படி?”

“மெஷின்ல குறை இல்ல. உன் கையிலயும் இல்ல. நான் போட்ட போல்ட்டுலதான்.” காலடி இடுக்கைக் காட்டினார்.

தம்பி கயிற்றைத் தரையில் போட்டான். குனிந்து அந்த இடுக்கில் விரல் நகத்தை நுழைத்துப் பார்த்தான்.

“பதினாலு பிஸ்டன், அத்தான்.”

“ம்.”

“ராத்திரி படுத்தா, நம்ம கையே இவ்வளவுதானான்னு நினைச்சிட்டிருந்தேன்.”

தம்பி போனை எடுத்து, வாங்க வரவிருந்தவரிடம் விற்கவில்லை என்று சொன்னான். மன்னிப்புக் கேட்டான், இரண்டு முறை. பிறகு கையை நீட்டி ஸ்பேனரை வாங்கிக்கொண்டான்.

“தகடு வச்சு நானே இறுக்கிக்கறேன். நீங்க குரூப்ல எழுதுங்க. போட்டோவோட.”

டாக்டர் எழுதினார். தப்பு தன்னுடையது, மெஷின் நேராகத்தான் கடைகிறது என்று, ஒளிக்காமல். ஒரு நிமிடத்துக்குள் மைக்ரானிடமிருந்து பதில் வந்தது. “பாத்தீங்களா? ஒரு போல்ட்டுக்கே முறுக்கிக்குது! நம்ம மெஷின் முறுக்கிக்குமா?” அதன் கீழே வரிசையாகக் கைதட்டல்கள்.

தம்பி எட்டிப் பார்த்தான். “என்ன சொல்றாங்க?”

“நான் ஜெயிச்சிட்டேன்னு சொல்றாங்க,” என்றார் டாக்டர். நட்டைத் தளர்த்திய அந்த முதல் நொடியில் தனக்கும் ‘நம்ம மெஷின் முறுக்கிக்குமா’ என்ற இதே எண்ணம்தான் வந்தது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.